கடலை மறக்கச் செய்த மேஜை

1840ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் வழியாகப் பாஸ்டன் நகரத்துக்குப் புறப்பட்ட ‘பிரிட்டானியா’ என்னும் நீராவிக் கப்பலில், தபால் மூட்டைகளோடும் பிரயாணிகளின் பெட்டிகளோடும் கூட ஒரு கறவைப் பசுவும் ஏற்றப்பட்டிருந்தது. வழியில் பிரயாணிகளுக்குப் புதுப்பால் கிடைக்க வேண்டும் என்பதற்காக சாமுவேல் கியூனார்டின் கம்பெனியார் செய்திருந்த ஏற்பாடு அது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் அலைகளுக்கு நடுவே, நான்கு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றிருக்கக்கூடிய அந்த வாயில்லா ஜீவனை நினைத்துப் பார்க்கிறபோது, கடலின் மீது மனிதன் நடத்திய விருந்தோம்பலின் சரித்திரத்தை அதனிடமிருந்தே தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய உல்லாசக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான பேரைச் சுமந்துகொண்டு, நீச்சல் குளமும் நாடக அரங்கும் கடைவீதியுமாக மிதக்கும் பட்டணங்களாகிவிட்டன. அவற்றின் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரையில் ஓயாமல் பரிமாறப்படும் சாப்பாட்டின் வர்ணனைதான். ஆயினும் சமுத்திர யாத்திரையில் நல்ல சாப்பாடு என்பது ஆதியில் பயத்துக்கும் சலிப்புக்கும் மருந்தாகவே வந்து சேர்ந்தது. கரை கண்ணுக்கு மறைந்த பிறகு, செய்வதற்கு ஒரு வேலையும் இன்றி, எப்பக்கம் திரும்பினாலும் ஒரே நீலத்தையும் ஒரே இரைச்சலையும் கண்டும் கேட்டும் அலுத்துப்போன பிரயாணிக்கு, மணியடித்து அழைக்கும் சாப்பாட்டு வேளைகளே நாளைப் பகுத்துக் காட்டும் கடிகாரமாக இருந்தன. தன் காலடியில் இரண்டங்குலப் பலகைக்குக் கீழே ஆழங்காணாத நீர் இருக்கிறது என்ற பிரக்ஞை அவனுக்கு வராமல் இருக்க வேண்டுமானால் அவனை மேஜைக்கு முன்னால் உட்கார்த்தி வைக்க வேண்டும் என்பதைக் கப்பல் கம்பெனிகள் வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டன. அதற்குப் பிறகு நூறு ஆண்டுக் காலம் கப்பல் கட்டும் சிற்பிகளும் சமையற்காரர்களும் செய்த வேலையெல்லாம் இந்த ஒரு நோக்கத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஆரம்பத்தில் அந்த முயற்சி எவ்வளவு பரிதாபமாக இருந்தது என்பதற்கு சார்லஸ் டிக்கன்ஸே சாட்சி. 1842 ஜனவரியில், முப்பது வயது நிறையாத அந்த நாவலாசிரியர், மனைவியோடு இதே ‘பிரிட்டானியா’வில் அமெரிக்காவுக்குப் போனார். புறப்படுவதற்கு முன்பு லண்டனில் பார்த்த சித்திரங்களில் விசாலமான மண்டபமாகக் காட்சியளித்த சாப்பாட்டு அறை, நேரில் பார்த்தபோது, ஜன்னல் வைத்த நீண்டதொரு சவ வண்டியைப் போல அவருக்குத் தோன்றியதாம். மேஜைக்கு மேலே, கூரையிலிருந்து தொங்கிய சட்டங்களில் கண்ணாடிக் கோப்பைகள் செருகப்பட்டிருந்ததைக் கண்டபோதே, கடல் எப்படிப் புரட்டப் போகிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பகல் ஒரு மணிக்கு மணியடித்ததும் பணிப்பெண் சுட்ட உருளைக்கிழங்கும் சுட்ட ஆப்பிளும் உப்பிட்ட இறைச்சியும் கொண்டுவருவாள். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் மணியடிக்கும், இம்முறை உருளைக்கிழங்கு அவித்ததாக இருக்கும். இந்த வித்தியாசத்தையும் ஒரு செய்தியாகக் குறித்துவைக்க வேண்டிய அளவுக்கு நாட்கள் வெறுமையாக இருந்தன. புயலிலும் குமட்டலிலும் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. ஊர் திரும்பும்போது நீராவிக் கப்பலே வேண்டாம் என்று பாய்மரக் கப்பலில் ஏறிவிட்டார்.

அக்காலத்துக் கப்பலின் மேல்தளம் பாதி பண்ணையாகவே இருந்தது என்று சொல்லலாம். குளிர்ப்பெட்டி தோன்றாத நாளில் இறைச்சி கெடாமல் இருப்பதற்கு ஒரே வழி அது உயிரோடு இருப்பதுதான். ஆகவே ஆடுகளும் பன்றிகளும் கோழிகளும் வாத்துகளும் கூண்டுகளில் அடைக்கப்பட்டுப் பிரயாணிகளோடு கூடவே பிரயாணம் செய்தன, கரை நெருங்க நெருங்க அவற்றின் குரல்கள் குறைந்துகொண்டே வந்தன. கீழே சாப்பாட்டு அறையிலோ, கடல் கொந்தளிக்கும் நாட்களில் பரிசாரகர்கள் செய்யும் ஆயத்தம் ஒரு சடங்கைப் போல ஒழுங்கோடு நடக்கும். முதலில் மேஜை விரிப்பின் மீது தண்ணீர் தெளித்து நனைப்பார்கள், ஈரத்துணியில் தட்டு எளிதில் வழுக்காது. அதன்மேல், விரற்கடை உயரமுள்ள மரச்சட்டங்களைக் கட்டம் கட்டமாகப் பொருத்துவார்கள்; ஒரு கட்டத்தில் தட்டு, ஒன்றில் கோப்பை, ஒன்றில் ரொட்டி. கிண்ணத்தில் சூப்பைப் பாதியளவே ஊற்றுவார்கள். பெஞ்சுகளோ தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் எதிரில் இருப்பவரின் கோப்பை தன் மடியில் வந்து விழாதிருந்தால் அது அன்றைய பாக்கியம். பின்னாளில் கப்பல்கள் எத்தனையோ மடங்கு பெருத்து, அரண்மனை போல அலங்கரிக்கப்பட்ட காலத்திலும், இந்த மரச்சட்டங்கள் மட்டும் அலமாரியின் ஒரு மூலையில் காத்துக்கொண்டே இருந்தன என்பது கவனிக்கத் தக்கது.

1871இல் ஒயிட் ஸ்டார் கம்பெனியார் விட்ட ‘ஓஷியானிக்’ என்ற கப்பல் ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. அதுவரையில் பாய்மரக் கப்பலின் சம்பிரதாயப்படி முதல் வகுப்பார் பின்புறத்திலேயே தங்கிவந்தார்கள்; நீராவிக் கப்பலிலோ சுழல்விசிறியின் அதிர்ச்சி முழுவதும் அங்கேதான் விழும், ஆட்டமும் அங்கே அதிகம். ‘ஓஷியானிக்’கில் சாப்பாட்டு அறையைக் கப்பலின் நடுவுக்குக் கொண்டுவந்து, இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர் வரையில் முழு அகலத்துக்கும் விரித்து, நீண்ட பெஞ்சுகளை எடுத்துவிட்டு ஆளுக்கொரு நாற்காலி போட்டார்கள். 1879இல் ‘சிட்டி ஆஃப் பெர்லின்’ கப்பலின் கூடத்தில் மின்விளக்கு எரிந்தது. 1882இல் ‘டனீடின்’ என்ற கப்பல் நியூஸிலாந்திலிருந்து உறைந்த இறைச்சியைக் கெடாமல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, பிரயாணிக் கப்பல்களிலும் குளிர் அறைகள் வந்தன. மேல்தளத்துப் பண்ணை மறைந்தது. பசுவும் இறங்கிக்கொண்டது.

கிழக்கே வருகிற கடல்வழிக்கு வேறொரு சரித்திரம் உண்டு. பி. அண்ட் ஓ. என்று உலகம் அழைத்த பெனின்ஸுலர் அண்ட் ஓரியண்டல் கம்பெனியின் கப்பல்கள் 1840களிலேயே கல்கத்தா, சென்னை, இலங்கையின் காலி ஆகிய துறைகளைத் தொட்டுச் சூயஸ் வரையில் ஓடத் தொடங்கிவிட்டன; 1869 நவம்பர் 17ஆம் தேதி சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இந்த வழி இங்கிலாந்தின் ராஜபாட்டையாயிற்று. இவ்வழியில் குளிரும் புயலும் அவ்வளவு இல்லை. செங்கடலின் வெக்கைதான் சத்துரு. சாப்பாட்டு மேஜைகளுக்கு மேலே நெடுக நீண்ட துணிப் பங்காக்களைக் கட்டி, அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த சிறுவர்கள் கயிற்றை இழுத்து இழுத்து அசைத்துக் கொண்டிருந்தார்கள். கேபினுக்குள் படுக்க இயலாமல் பிரயாணிகள் மேல்தளத்தில் பாய் விரித்தார்கள். இத்தனை புழுக்கத்திலும், சூப்பும் மீனும் வறுத்த மாட்டிறைச்சியும் பழமும் பாலேடுமாக லண்டனில் எப்படியோ அப்படியே சாப்பாடு நடந்தது. அதற்கு நடுவே அன்றாடம் தவறாமல் ஒரு கறியும் சோறும் வந்தன. இந்தியாவில் உத்தியோகம் பார்த்த துரைமார்களின் நாக்கு அதற்குப் பழகியிருந்தது. நம்முடைய மிளகு தண்ணீர், ‘முல்லிகட்டானி’ என்று பெயர் திரிந்து, இறைச்சிச் சாறும் சேர்ந்து, சென்னைப் பங்களாக்களின் மேஜையிலிருந்து கப்பல் மேஜைக்கு ஏறி, அங்கிருந்து உலகமெல்லாம் சுற்றியது. தமிழ்ச் சொல் ஒன்று சீமைச் சாப்பாட்டுப் பட்டியலின் முதல் வரியில் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது, பெயர் தெரியாத எந்தச் சென்னைச் சமையற்காரன் முதன்முதலில் அந்தச் சாற்றைத் துரையின் மேஜைக்குக் கொண்டுவந்தானோ என்று என் மனம் அவனைத் தேடிப் போகிறது.

அந்த மேஜைகளில் உட்காரத் தயங்கி ஒதுங்கி நின்ற நம்மவர்களும் உண்டு. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் ‘கிளைட்’ என்ற கப்பலில் ஏறிய, பத்தொன்பது வயது நிறையாத மோகன்தாஸ் காந்தி, கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாமலும், பட்டியலில் எது மாமிசம் கலவாதது என்று ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டும், போஜனசாலைக்கே போகாமல், ஊரிலிருந்து கட்டிக்கொண்டுவந்த பட்சணங்களையும் பழங்களையும் தம் கேபினிலேயே சாப்பிட்டு நாட்களைக் கழித்தார். தம் சுயசரிதையில் அவரே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாஸா’ கப்பலில் புறப்பட்ட ஸ்ரீநிவாஸ ராமாநுஜனுக்கு, இங்கிலாந்து போய்ச் சேருகிற வரையில் சைவ உணவு கிடைக்கும் என்று கப்பல் ஏஜெண்டுகள் முன்கூட்டியே உறுதி சொல்ல வேண்டியிருந்தது. கடல் கடந்தால் ஆசாரம் போய்விடும் என்று அஞ்சிய சமூகத்தில், அந்த அச்சத்தின் பெரும்பகுதி கடலைப் பற்றியதாக இல்லை; கடலின் மேல் யார் சமைத்து யார் பரிமாறினார்கள் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. கணிதத்தில் உலகம் காணாத மேதையும், பின்னாளில் ஒரு தேசத்தையே நடத்திச் சென்ற மகானும், சாப்பாட்டு மணி அடிக்கும்போது தங்கள் வாழ்வின் மிகத் தனிமையான வேளைகளை அனுபவித்திருப்பார்கள் என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

யார் சமைத்தார்கள், யார் பரிமாறினார்கள்? கப்பல் சரித்திரங்களைப் புரட்டினால் சிற்பியின் பெயர் இருக்கிறது, காப்டனின் பெயர் இருக்கிறது, எந்தச் சீமாட்டி எந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்பது கூட இருக்கிறது. தட்டை ஏந்தி வந்தவனின் பெயர் பெரும்பாலும் இல்லை. பி. அண்ட் ஓ., பிரிட்டிஷ் இந்தியா முதலிய கம்பெனிகளின் கப்பல்களில் அவன் பெரும்பாலும் கோவாக்காரன். தளத்தில் வேலை செய்யும் லஸ்கர்கள் ஸாரங்கு என்ற தலைவனின் கீழும், சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்பவர்கள் பட்லரின் கீழும், அடுப்படியில் நிற்பவர்கள் பண்டாரியின் கீழும் அடங்கியிருந்தார்கள். ஐரோப்பிய மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான் இவர்களுக்கு. ஒரு கப்பலிலிருந்து இறங்கி மற்றொரு கப்பலில் வேலை கிடைக்கிற வரையில் அவர்கள் பம்பாயில் தங்குவதற்கென்று, கிராமத்துக்கு ஒன்றாகக் கோவாக்காரர்களே கூடி நடத்திய விடுதிகள் இருந்தன. கொங்கணியில் அவற்றைக் ‘கூட்’ என்பார்கள். நீளமான ஒரே அறை. சுவரோரமாக வரிசையாக அடுக்கிய டிரங்குப் பெட்டிகள். ஒரு கோடியில் ஊர்த் தேவாலயத்துப் புனிதருக்கு ஒரு பீடம், அதன் முன் விளக்கு. ஐந்து நட்சத்திர உபசாரத்தில் கைதேர்ந்த மனிதன், வெள்ளிக் கரண்டிகளை எட்டு வரிசையில் எந்த ஒழுங்கில் வைக்க வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவன், அந்தத் தரையில் பாயை விரித்து, தன் பெட்டியையே தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த கப்பலுக்காகக் காத்திருப்பான். அவன் அனுப்பிய பணத்தில் கோவாவின் எத்தனையோ வீடுகளுக்கு ஓடு வேய்ந்திருக்கிறார்கள், எத்தனையோ பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

ஓரிடத்துக்குப் போவதற்காகவே கப்பலேறிய மனிதன், கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறுகிறவனாக மாறியது எப்படி? 1844இல் பி. அண்ட் ஓ. கம்பெனியார் நாவலாசிரியர் தாக்கரேயை இலவசமாக ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்ட, அவர் அந்தப் பிரயாணத்தைப் பற்றி 1846இல் ஒரு புத்தகம் எழுதினார். விதை அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் அதை மரமாக்கியவர் ஹாம்பர்க் நகரத்து ஆல்பர்ட் பாலின். 1857இல் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஏழைகளுக்குக் கப்பல் சீட்டு விற்கும் தந்தையின் சிறு ஏஜென்ஸியில் தொழில் கற்று, பின்னர் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் தலைமைக்கு உயர்ந்தவர் அவர். பனிக்காலத்தில் வட அட்லாண்டிக்கில் பிரயாணிகள் குறைந்துவிடுவார்கள். எல்ப் நதியிலும் பனிக்கட்டி மிதக்கும். கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய கப்பல்கள் வேலையின்றி நிற்கும். அந்தக் கப்பல்களைச் சூரியன் இருக்கும் பக்கம் அனுப்பினால் என்ன என்று அவர் கேட்டார். சகாக்கள் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்கள். 1891 ஜனவரி 22ஆம் தேதி, 241 பிரயாணிகளோடு, குக்ஸ்ஹாஃபனிலிருந்து ‘அகஸ்டா விக்டோரியா’ புறப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் மத்தியதரைக் கடலின் துறைமுகங்களைத் தொட்டுச் சுற்றி, எகிப்தையும் ஜெருசலேமையும் பார்த்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்காக மனிதர்கள் பணம் கொடுத்தார்கள்.

பாலினும் மனைவியோடு அந்த யாத்திரையில் கூடவே போனார். கப்பலில் போகும்போதெல்லாம் குறிப்புப் புத்தகமும் கையுமாகத் திரிவது அவர் வழக்கம். வெண்ணெய்க் கிண்ணம் சிறிதாக இருக்கிறது, வாட்டிய ரொட்டியைத் துணியில் சுற்றிச் சூடாறாமல் கொண்டுவர வேண்டும் என்பன போன்ற அற்ப விஷயங்களைக் கூட எழுதிவைத்துக்கொண்டு, கரையேறியதும் திருத்தச் செய்வார். இத்தகைய கவனத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. விருந்தோம்பல் என்பதே இப்படிப்பட்ட சிறு விஷயங்களின் கூட்டம்தான். அதே சமயத்தில், அந்த வெள்ளிக் கிண்ணங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போன லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் கொடுத்த கட்டணம்தான் மேல்தளத்து மாளிகைகளுக்கு அஸ்திவாரம். அந்த ஏழைகளுக்காகவும் பாலின், ஹாம்பர்க்கில் தங்கும் மண்டபங்கள் கட்டி, யூதர்களுக்கு அவர்கள் மத விதிப்படி சமைக்கும் தனிச் சமையலறையும் வைத்தார் என்பதை அவர் பெயரால் நன்றியோடு குறிப்பிட வேண்டும். முதல் மகாயுத்தம் அவருடைய கப்பல்களையெல்லாம் விழுங்கிற்று. ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் பதவி விலகல் அறிவிக்கப்பட்ட 1918 நவம்பர் 9ஆம் தேதியன்று, தூக்க மருந்தை மிகுதியாக உட்கொண்டிருந்த பாலின் உயிர் துறந்தார்.

உல்லாச யாத்திரைக்கென்றே அவர் 1900இல் கட்டிய ‘பிரின்ஸஸின் விக்டோரியா லூயிஸே’ என்ற வெண்ணிறக் கப்பலில், 120 கேபின்களும் முதல் வகுப்பு. நூலகமும், உடற்பயிற்சிக்கூடமும், புகைப்படப் பிரியர்களுக்கு ஓர் இருட்டறையும் இருந்தன. 1906 டிசம்பர் 16ஆம் தேதி ஜமைக்காவுக்கு அருகே அது பாறையில் ஏறி அழிந்தது. பிரயாணிகள் எல்லோரும் பிழைத்தார்கள், காப்டன் மட்டும் தம் அறைக்குப் போய்த் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

1905இல் ஓடத் தொடங்கிய ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் பாலின் வேறொரு புதுமையைச் செய்தார். லண்டன் கார்ல்டன் ஓட்டலில் சாப்பிட்டு மயங்கிய அவர், பாரிஸில் ரிட்ஸ் ஓட்டலைக் கட்டிய சார்ல்ஸ் மேவே என்ற சிற்பியையே அழைத்துக் கப்பலுக்குள் ஒரு ரிட்ஸ்-கார்ல்டன் உணவகத்தை அமைக்கச் செய்தார். பொதுக் கூடத்தில் குறித்த நேரத்தில் மணியோசைக்குக் கட்டுப்பட்டுச் சாப்பிடும் பழைய முறைக்கு மாறாக, இங்கே வேண்டிய நேரத்தில், வேண்டியவர்களோடு, வேண்டியதைக் கேட்டுச் சாப்பிடலாம். அதற்குத் தனியாகப் பணம். இன்றைய உல்லாசக் கப்பல்களில் சீட்டுக் கட்டணத்துக்கு மேல் பணம் வாங்கும் விசேஷ உணவகங்கள் எல்லாவற்றுக்கும் மூலபுருஷன் இதுவே. கடலிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற பழைய ஆசை இங்கே பூர்த்தியாயிற்று. வளைந்த சுவரும் உருண்டை ஜன்னலும் திரைச்சீலைகளுக்குப் பின்னால் மறைந்தன. உள்ளே நுழைந்தவர்களுக்கு லண்டனில் இருப்பதாகவே தோன்றியது.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, மற்றொரு கப்பலில், அந்தப் பிரமைக்கு ஓர் இரவு எல்லை கண்டது. ‘டைட்டானிக்’கைப் பற்றி உலகம் எழுதியிருப்பது அதிகம், நான் இங்கே அதன் சாப்பாட்டுப் பட்டியல்களை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். 40,000 முட்டைகளும் 75,000 ராத்தல் புது இறைச்சியும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. 1912 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு முதல் வகுப்பார் சிப்பியில் தொடங்கி, சாறு, சால்மன் மீன், ஆட்டிறைச்சி, வாத்து, புறாக்குஞ்சு, ஆறவைத்த தண்ணீர்விட்டான் தண்டு என்று பத்துச் சுற்றுக்கு மேல் கடந்து, மதுச்சாற்று ஜெல்லியில் ஊறிய பீச் பழத்தோடும் ஐஸ்க்ரீமோடும் எழுந்தார்கள். அதே தினம் மூன்றாம் வகுப்பாருக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் புகையிட்ட மீனும். நடுப்பகலில் அரிசி சூப்பும் வறுத்த மாட்டிறைச்சியும் கொழுக்கட்டை போல வேகவைத்த பழ புட்டிங்கும். மாலையில் ரொட்டி, வெண்ணெய், சோற்றோடு சேர்த்து வேகவைத்த அத்திப்பழம். இரவில் கூழும் பிஸ்கோத்தும் பாலாடைக்கட்டியும். ஊரில் அதைக் கூட அன்றாடம் கண்டிராத பலருக்கு அது நல்ல சாப்பாடாகவே இருந்திருக்கும். அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் கூழே கடைசி ஆகாரம். இத்தனை துல்லியமாக இன்று நமக்கு இது தெரிவதற்குக் காரணம், பிழைத்தவர்களில் சிலர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் வைத்திருந்த அச்சிட்ட அட்டைகள்தான்.

அந்தக் கப்பலிலும் தனிப்பணம் வாங்கும் உணவகம் ஒன்று இருந்தது. லூயிஜி காத்தி என்ற இத்தாலியர் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் வேலை செய்தார்கள். அவர்கள் பிரயாணிகளும் அல்ல, கம்பெனியின் சிப்பந்திகளும் அல்ல. இரண்டு கணக்கிலும் சேராத ஒரு கூட்டம். பிழைத்தவர்கள் மூன்றே பேர்: கணக்குப் பார்த்த பெண்கள் இருவர், குமாஸ்தா ஒருவர். சமைத்தவர்களிலும் பரிமாறியவர்களிலும் ஒருவர் கூட மிஞ்சவில்லை. வாத்தின் சுவையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுதிவிட்டுப் போக வேண்டும்.

இரண்டு மகாயுத்தங்களுக்கு நடுவே கடல்மேல் போஜனசாலை தன் உச்சத்தைத் தொட்டது. 1935 மே 29ஆம் தேதி லே ஹாவர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் ‘நார்மண்டி’யின் முதல் வகுப்புக் கூடம் 93 மீட்டர் நீளம், வெர்ஸாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபமே 73 மீட்டர்தான். எழுநூறு பேர் ஒரே சமயத்தில் சாப்பிடலாம். ஜன்னல் ஒன்று கூடக் கிடையாது. லாலிக் பட்டறையில் வார்த்த கண்ணாடித் தூண்கள் வரிசை வரிசையாக உள்ளிருந்து ஒளிவிட்டன. காற்று குளிரூட்டப்பட்டு வந்தது. பகலா இரவா, வெயிலா புயலா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எந்த நோக்கத்துக்காக ‘ஓஷியானிக்’கின் நாற்காலிகள் நடுவுக்கு நகர்ந்தனவோ அந்த நோக்கம் இங்கே முற்றுப்பெற்றது: கடல் அடியோடு மறைந்துவிட்டது. நான் படங்களில் மட்டுமே கண்டிருக்கும் கூடங்களில் இதைப்போல வேறெதுவும் என்னை நீண்ட நேரம் பார்க்கச் செய்ததில்லை. ஆயுள்தான் அற்பம். யுத்தத்துக்காகப் படைக்கப்பலாக மாற்றிக்கொண்டிருக்கையில், 1942 பிப்ரவரி 9ஆம் தேதி நியூயார்க் துறையில், பற்றவைக்கும் கருவியின் பொறி உயிர்காப்புச் சட்டைக் குவியலில் பட்டுத் தீ மூண்டது. அணைப்பதற்காகப் பாய்ச்சிய தண்ணீரின் பாரத்தாலேயே கப்பல் சாய்ந்து படுத்துவிட்டது.

அதன் போட்டியாளரான ‘குவீன் மேரி’ 1936இல் வந்தது. அதன் போஜனசாலைச் சுவரில் மக்டொனால்ட் கில் என்ற ஓவியர் வட அட்லாண்டிக்கின் பிரம்மாண்டமான படமொன்றைத் தீட்டினார். ஒரு பக்கம் லண்டன், மற்றொரு பக்கம் நியூயார்க். நடுவே குளிர்காலத்துக்கு ஒரு பாதை, வேனிற்காலத்துக்கு ஒரு பாதை. அந்தப் பாதையில், கப்பல் அன்று எங்கே இருக்கிறதோ அங்கே, படிகத்தால் செய்த ஒரு குட்டிக் கப்பல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். மறைத்துவைத்த கடலை ஒரு சித்திரமாக மாத்திரம் திரும்பக் கொடுத்த அந்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காலைச் சிற்றுண்டிக்கு வருகிற குழந்தை முதலில் அந்தப் படிகக் கப்பல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றுதான் பார்த்திருக்கும். யுத்த காலத்தில் இதே கூடத்தில் சிப்பாய்கள் அணி அணியாக வந்து, நாளைக்கு இரண்டே வேளை, அவசர அவசரமாகச் சாப்பிட்டுப் போனார்கள். 1943 ஜூலையில் ஒரே பிரயாணத்தில் 16,683 பேர் அந்தக் கப்பலில் இருந்தார்கள்.

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கின. ஐந்து நாள் பிரயாணம் ஏழெட்டு மணி நேரமாயிற்று. ஒரு சில ஆண்டுகளுக்குள் பெருங்கப்பல்களின் கூடங்கள் வெறிச்சோடின. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920களிலேயே, குடிப்பதற்காக மட்டும் எல்லை தாண்டிக் கடலில் சுற்றித் திரும்பும் கப்பல்கள் ஓடியதுண்டு. அந்த வழக்கம் இப்போது ஒரு தொழிலாகவே எழுந்தது. 1966 டிசம்பரில் ‘சன்வார்ட்’ என்ற கப்பல் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பியதை அதன் தொடக்கமாகச் சொல்லுவார்கள். பாலினின் பனிக்கால யோசனை பன்னிரண்டு மாதத்துக்கும் உரியதாயிற்று. மேஜையே சென்றடையும் ஊராகிவிட்டது.

‘குவீன் மேரி’க்கு அந்த மாறுதல் ஒத்துவரவில்லை. குளிர்ந்த அட்லாண்டிக்குக்காகக் கட்டப்பட்ட அதன் உடலில் பெரும்பகுதிக்குக் குளிரூட்டும் வசதி கிடையாது. 1967 அக்டோபர் 31ஆம் தேதி, அது தன் கடைசிப் பிரயாணமாக, விற்கப்பட்ட இடமான கலிஃபோர்னியாவின் லாங் பீச்சுக்கு, தென்னமெரிக்காவின் கொம்புமுனையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதையே ஓர் உல்லாச யாத்திரையாக எண்ணி ஏறி, பூமத்தியரேகையின் வெப்பத்தில் வாடினார்கள். ரியோவும் வால்பரைஸோவும் போஜனசாலைச் சுவரில் இல்லை. அந்தப் பாதையில் போவதற்குப் படிகக் கப்பலுக்கு வழியே வரையப்பட்டிருக்கவில்லை.

1962இல் தன் முதல் பிரயாணத்தைத் தொடங்கிய ‘பிரான்ஸ்’ என்ற கப்பலின் கதை நம் நாட்டுக் கரையில் முடிகிறது. ‘ஷாம்போர்’ என்று பெயரிட்ட அதன் வட்டமான போஜனசாலைக்கு, படிகளில் இறங்கி வருகிறவர்களை எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பதற்கென்றே ஒரு மாடிப்படி இருந்தது. பிரெஞ்சுச் சமையலை அதைவிடச் சிறப்பாகக் கரையில் கூடச் சாப்பிட முடியாது என்று பேசப்பட்ட இடம் அது. 1974இல் அரசாங்கம் மானியத்தை நிறுத்தக் கப்பல் நின்றது. 1979இல் நார்வேக்காரர் ஒருவர் வாங்கி, ‘நார்வே’ என்று பெயர் மாற்றி, கரீபியன் உல்லாசக் கப்பலாக்கினார். 2003 மே மாதம் மயாமித் துறையில் அதன் கொதிகலன் வெடித்து, அடித்தளத்துத் தொழிலாளர் எட்டுப் பேர் மாண்டார்கள். அதன்பின் அது பிரயாணிகளை ஏற்றவில்லை. 2006இல் ‘புளூ லேடி’ என்ற கடைசிப் பெயரோடு, குஜராத் கரையில் அலாங் என்னும் இடத்தில், கடல் பொங்கும் நேரம் பார்த்து மணலில் ஏற்றினார்கள். அதற்குள் இருந்த கல்நார் தொழிலாளரின் நுரையீரலைப் பாழாக்கும் என்று வழக்கு நடந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் உடைப்பதற்கு அனுமதி கொடுத்தது. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மனிதர்கள், எரிவாயுச் சுடரால் தகடு தகடாக அறுத்து, அதைக் கரையேற்றினார்கள்.

அலாங்குக்குப் போகும் சாலையின் இருபுறமும் மைல் கணக்கில் கடைகள். அங்கே உடைபட்ட கப்பல்களின் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. கம்பெனி முத்திரை பதித்த பீங்கான் தட்டுகள் வைக்கோலுக்கு நடுவே கட்டுக்கட்டாக இருக்கின்றன. மெத்தைகள், முகம் பார்க்கும் கண்ணாடிகள், ஆளுயர ரொட்டி அடுப்புகள், நூறு பேருக்குச் சூப்புக் காய்ச்சிய எஃகு அண்டாக்கள். அகமதாபாத்திலிருந்தும் ராஜ்கோட்டிலிருந்தும் வருகிற ஓட்டல்காரர்கள் அண்டாவைத் தட்டிப் பார்த்து, விலை பேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.